ஆறு நிமிஷம் முந்தி

முதல் படம் ஆடிப்போய் விழுந்தது.
சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து
போனின் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்க
தையல் ஹாலின் சுவர்க் கடிகாரத்தை எடுத்தேன்.
எட்டு முப்பத்தாறு.
அதே நொடி போனில் எட்டு முப்பது.

எட்டரைக்கு மேல் ஐந்து நிமிஷம் பொறுப்பார்கள்.
ஆறானால் அரைநாள் சம்பளம் கட்.
முள்ளைத் தள்ளி வைத்தவர் யாரோ,
கணக்குத் தெரிந்தவர்.

இரண்டாவது படத்தில் ஆட்டமில்லை.
ஆனால் கடிகாரக் கண்ணாடியில் நான் விழுந்திருந்தேன்,
நாலுக்கும் எட்டுக்கும் நடுவே
என் தாடை.

அதன் பிறகு விடவில்லை.
முத்துக்கடை பேக்கரியில்
தேங்காய் பன் தட்டுக்கு மேல் தொங்குவது
ஒரு நிமிஷம் பின்னால்.
ஆற்காட்டில் கம்பெனி பஸ் டிரைவரின் கைக்கடிகாரம்,
ஸ்டியரிங்கோடு சேர்த்து, சரியாக.
மேல்விஷாரம் பள்ளிவாசலில்
தொழுகை நேரப் பலகை; தில்ஷாத்தின் தம்பி எடுத்து அனுப்பினான்.
வரிசையாகக் குட்டிக் கடிகாரங்கள்,
ஒன்றும் ஓடாது.
கையால்தான் முள்ளை நகர்த்தி வைப்பார்களாம்.
"ஓடாதது ஏமாத்தாதுக்கா" என்றாள் தில்ஷாத்.

கை பழகிவிட்டது. முள் இல்லாததையும் எடுத்தேன்.
பாலாற்று மணலில்
பாலத்தின் நிழல், அதற்குள் எங்கள் பஸ்ஸின் நிழல்.
ஜூனில் மடித்துத் தைத்த மகனின் பேன்ட்
மடிப்பைப் பிரித்தும் கணுக்காலுக்கு மேலே.
என் வகிட்டில் ஒரு விரல் அகலம் வெள்ளை:
சாயம் பூசி ஆறு வாரம்.
ஜெயசீலியை மாதம் ஒன்று.
அவளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே
இடைவெளி கூடிக்கொண்டே போனது.
ஏழாவது படத்தில்
கையை முழுக்க நீட்டித்தான் தோலைத் தள்ளுகிறாள்.

வேலூருக்கு நான்கு பேர் போனோம்,
அன்றைய சம்பளத்தையும் விட்டு.
ஆஸ்பத்திரி எதிரே பாஸ்போர்ட் போட்டோ கடையில்
முப்பத்தெட்டு பிரிண்ட்.
"வாட்ச் ரிப்பேர் கடையாம்மா?" என்றார் கடைக்காரர்.
இல்லை என்றோம்.
மேலே எதுவும் கேட்காமல் இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

தொழிலாளர் அலுவலகத்துக் கடிகாரம்
இரண்டு பத்தில் நின்றிருந்தது.
நாங்கள் உள்ளே போனபோது பதினொன்றரை.
அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
ஒரு படத்தைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது என்ன?"
தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டது.
பாத்திர விளிம்புவரை பொங்கிய இட்லி மாவு,
மூலையில் நாலு நாற்பது.
"மாவு சார்."
"இது எதுக்குச் சாட்சி?"
"நான் எழுந்ததுக்கு."

அவர் சிரிக்கவில்லை. திருப்பியும் தரவில்லை.
கம்பெனி வக்கீல்தான் இருமிவிட்டுக் கேட்டார்:
இந்தம்மா போனில் காட்டும் நேரம் சரி
என்பதற்கு என்ன ஆதாரம்?
அதிகாரி சுவரைப் பார்த்தார்.
பிறகு தன் போனை எடுத்து என் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.
வக்கீலும் தன்னுடையதை எடுத்தார்,
பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை
ஹாலில் கடிகாரம் இல்லை.
வெள்ளையடித்த நாளின் நிறத்தில்
சுவரில் ஒரு வட்டம், நடுவே ஆணி.
மதியம் சூப்பர்வைசர் டில்லிபாபு
யாரையோ அதட்டிக்கொண்டே வந்து
பழக்கத்தில் தலையைத் தூக்கினார்,
ஆணியில் மணி பார்த்தார்.

அதையும் எடுத்தேன்.
ஆடவில்லை.

எனக்குப் பிடித்த அரைநாள் பதினொன்று.
ஜெயசீலிக்குப் பதினாறு; அவள் இப்போது வருவதில்லை,
மெஷினில் வேறொரு பெண், நெருங்கி உட்கார்ந்து.
அந்த அரைநாளெல்லாம் எங்கே போயின என்று
அடுத்த வாய்தாவில் சொல்வார்களாம்.